அப்பாவின் பெயரைச் சொல்லும் வேலை

எட்டு வயதில் எனக்கு ஒரு வேலை இருந்தது. மாதம் ஒருமுறை அம்மாவோடு பஸ் ஏறி விழுப்புரம் போய், ஒரு கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று, என் அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் பணம் வரும். எங்கள் வகுப்பில் இதைவிடப் பெரிய உத்தியோகம் யாருக்கும் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருந்ததில்லை.

அப்பாவும் அம்மாவும் கோர்ட்டில் எழுதிக் கொடுத்துப் பிரிந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அப்பா அதற்கு முன்பே மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார். ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டால் அம்மா ஒன்று சொல்வாள், மாமா வேறொன்று சொல்வார். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஆனால் பிரியும்போது பேசி முடித்தது மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஞாபகம் இருந்தது. என் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் அப்பா மாசாமாசம் பணம் அனுப்புவார். பதிலுக்கு மாசாமாசம் என்னுடைய போட்டோ ஒன்று அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனையைக் கேட்டதும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, குதிகுதியென்று குதித்தாராம். புள்ளையை நாம் பட்டினி போட்டு வைத்திருக்கிறோமா இல்லையா என்று சோதனை பண்ணுகிறானா என்று கத்தினாராம். அம்மா அவரை அதிகம் பேசவிடவில்லை.

"அவரு புள்ளைய அவரு பாக்காம வேற யாருடா பாக்கறது?" என்று முடித்துவிட்டாளாம்.

அம்மா திண்டிவனத்தில் ஒரு மேட்சிங் சென்டரில் வேலை செய்தாள். புடவைக்குப் பொருத்தமான ஜாக்கெட் துணி, ஃபால்ஸ், உள்பாவாடை எல்லாம் விற்கிற கடை. அதற்கு எதிர் வரிசையில், மாடியில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. மாதக் கடைசியில் அம்மா எனக்குப் பவுடர் பூசி, இரட்டைப் பின்னல் போட்டு, அங்கே கூட்டிக்கொண்டு போவாள். ஸ்டூடியோ அண்ணன் திரைச்சீலைகளைக் கம்பியில் சுருட்டி வைத்திருப்பார். ஒரு மாதம் அருவி, ஒரு மாதம் தாஜ்மகால், ஒரு மாதம் மாடிப்படி வைத்த பங்களா. மஸ்கட்டில் அப்பாவோடு தங்கியிருந்தவர்கள் என்னைப் பெரிய ஊர்சுற்றி என்று நினைத்திருப்பார்கள்.

படம் எடுத்து முடிந்ததும் அண்ணன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அப்பாவின் ஈமெயிலுக்கு அனுப்புவார். திரையில் ஒரு சின்னப் பட்டை மெதுவாக நிறையும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்ப்பேன். அது நிறைந்து மறைந்ததும் அண்ணன் நாற்காலியைத் திருப்பி, "போயிட்ச்சு பாப்பா, கடலைத் தாண்டிட்ச்சு" என்பார். என் முகம், பின்னல், ரிப்பன் எல்லாம் அந்த மாடி ஜன்னல் வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று எட்டிப் பார்ப்பேன். கீழே ஆட்டோக்களும் இளநீர் வண்டியும் ஒன்றும் நடக்காதது போல நின்றுகொண்டிருக்கும். இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது, இந்த ஜனங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருக்கும்.

போட்டோ போன சில நாட்களில் அம்மாவின் பட்டன் போனுக்கு, பணம் எடுப்பதற்கான ஒரு நம்பர் வரும். அதை எடுத்துக்கொண்டு நாங்கள் விழுப்புரம் போவோம். வெளிநாட்டுப் பணம் கொடுக்கிற கடை திண்டிவனத்திலும் இருந்தது. ஆனால் அங்கே போய் வாங்கினால், மறுநாள் மேட்சிங் சென்டருக்கு வருகிற பெண்கள் ஜாக்கெட் துணியைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார்கள். அதனால் விழுப்புரம். எனக்கோ இதுவும் சேர்ந்து ஆச்சரியமாக இருந்தது. திண்டிவனத்தில் முகமாக உள்ளே போகிற ஒன்று, கடலெல்லாம் சுற்றி, விழுப்புரத்தில் நோட்டாக வெளியே வருகிறது.

அந்தக் கடையில் ஏசி ஓடும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று கேட்பார். அம்மா சொல்வாள். அடுத்து, அனுப்புகிறவர் பெயர் என்ன என்று கேட்பார். உடனே அம்மாவின் முழங்கை என் தோளில் இடிக்கும். நான் குதிகாலைத் தூக்கி, கண்ணாடியின் ஓட்டைக்கு நேராக வாயை வைத்து, இனிஷியலோடு அப்பாவின் பெயரைச் சொல்வேன். அவர் திரையைப் பார்ப்பார், தலையாட்டுவார், பணம் எண்ணும் மெஷின் படபடவென்று ஓடும். நான் பெயரைச் சொல்லாமல் அந்த மெஷின் ஓடியதே இல்லை.

ஒருநாள் அவர், "ஏம்மா, நீங்களே சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். அம்மா சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்ததும் நான் விசாரித்தேன். புருஷன் பேரைப் பொம்பளைங்க வாயால் சொல்லக் கூடாது என்றாள்.

"இப்பதான் அவரு உனுக்குப் புருஷன் இல்லியேம்மா?"

"வாய மூடிக்கினு வா" என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கி என் கையில் கொடுத்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் மல்லாட்டைதான் போலிருக்கிறது என்று நானும் தின்றுகொண்டே பஸ் ஏறினேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் என் முன்பல் இரண்டும் விழுந்தன. அந்த மாதம் அருவிக்கு முன்னால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். அண்ணன் என்ன கிச்சுகிச்சு மூட்டியும் சிரிக்கவில்லை. போட்டோ போனது, நம்பர் வரவில்லை. அம்மா கடையில் துணி வெட்டுகிற நேரத்திலும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். அடுத்த மாதம் பொக்கை வாயைத் திறந்து முடிந்த அளவு சிரித்துப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. என் முகத்துக்கு மதிப்புக் குறைந்துவிட்டது என்று எனக்குள் ஒரே கலக்கம். யாரிடமும் சொல்லாமல், தினமும் நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்கூல் வேனை நிறுத்தியாகிவிட்டது. அம்மா வீட்டிலும் உட்கார்ந்து புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்க ஆரம்பித்தாள். திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு வைத்திருந்த மாமா, ஒரு மூட்டை அரிசியோடும் ஒரு மூட்டை யோசனையோடும் வந்து இறங்கினார். கோர்ட்டில் மனு போட்டால் அந்த ஆள் தன்னால் ஓடி வருவான் என்பது அவர் கட்சி.

"மறக்கற ஆளு இல்லடா அவரு" என்றாள் அம்மா. "என்னமோ ஆயிருக்குது."

என்ன ஆயிற்று என்பது ஒரு சாயங்காலம் தெரிந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு மேட்சிங் சென்டருக்கு வந்து, கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவின் போன் அடித்தது. பேசியவர் அப்பாவோடு மஸ்கட்டில் வேலை செய்கிற கோட்டக்குப்பத்து பாய். அம்மா எப்ப என்றாள். இப்ப எப்படி என்றாள். பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். போனை வைத்துவிட்டு, காத்துக்கொண்டிருந்த அம்மாளுக்குத் துணி வெட்டிக் கொடுத்தாள். அந்த அம்மாள் மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவர் காட்டியது மயில்நீலப் புடவை. அம்மா வெட்டிக் கொடுத்திருந்தது பாசிப்பச்சை. கடை முதலாளி நம்பவே இல்லை, வேறு யாரோ வெட்டியதாக இருக்கும் என்றார்.

அப்பா வேலை செய்த கட்டடத்தில் சாரம் சரிந்து, அவர் மேலேயிருந்து விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். அம்மா இதை என்னிடம் சொன்னபோது நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அப்ப என் போட்டோவ பாக்கலியா?"

"கண்ணே தொறக்கலடி."

இதைச் சொல்ல இன்றைக்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. குற்றம் என் பல்லின் மேல் இல்லை. போட்டோவைப் பார்த்தால்தானே பணம் வரும்? என் கணக்கு சரியாகவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருக்கிற ஓர் ஆள் அப்பா என்பதும், அவர் ஒருவேளை அதைத் திறக்காமலே போய்விடலாம் என்பதும் அந்தக் கணக்கில் இல்லை.

அன்று விளக்கு வைத்ததும் அம்மா ஒரு துண்டுத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, அதில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, சாமி அலமாரியில் படங்களுக்குப் பின்னால் வைத்தாள். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டுதலாம்.

"பணம் வரணும்னாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, "ம்" என்றாள்.

மாதக் கடைசியில் வழக்கம்போலப் பவுடர் பூசி ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பணமும் வரவில்லை, பார்க்கிறதற்கு ஆளும் இல்லை, இந்தச் செலவு எதற்கு என்று மாமா கோபித்துக்கொண்டார். "கண்ணத் தொறந்தா மொதல்ல இதத்தான் கேப்பாரு" என்று சொல்லிவிட்டு அம்மா என் ரிப்பனைச் சரி செய்தாள். தாஜ்மகாலுக்கு முன்னால் நின்றேன். பட்டை நிறைந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று என் முகம் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒருநாள் நம்பர் வந்தது. அப்பாவுக்குக் கம்பெனி தர வேண்டிய சம்பளத்தை பாய் வாங்கி, தன் பெயரில் எங்களுக்கு அனுப்பியிருந்தார். விழுப்புரம் போனோம். பெயர் என்ன என்று கண்ணாடிக்காரர் கேட்டார். நான் குதிகாலைத் தூக்கிவிட்டேன். முழங்கை இடிக்கவில்லை. அம்மாவே பாயின் பெயரை ஒரு திக்கல் திணறல் இல்லாமல் சொன்னாள். மெஷின் படபடத்தது. நான் தூக்கிய குதிகாலை எப்போது கீழே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அடுத்த மாதமும் அப்படியே. என் உத்தியோகம் போய்விட்டது என்று எனக்கு வருத்தமான வருத்தம்.

ஆனாலும் வேண்டுதல் பலித்துவிட்டதே, அதை நினைத்தால் மலைப்பாக இருந்தது. ஒரு ரூபாய்க் காசை முடிந்து வைத்தால் மஸ்கட்டிலிருந்து பணத்தை வரவழைக்கிற ஆத்தா லேசுப்பட்டவளா? மஞ்சள் முடிச்சை எப்போது அவிழ்ப்பது என்று அம்மாவைக் கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். மாமாவும் கேட்டார்.

"அதான் துட்டு வந்துட்ச்சில்லக்கா, அப்புறம் இன்னா? மூஞ்சிய இப்படியே வச்சிக்கினு இருக்கற?"

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் பாயின் போன் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா "அப்படியா" என்றாள், "நடக்கறாரா" என்றாள். பிறகு அந்தப் பக்கம் போன் கைமாறியிருக்க வேண்டும். அம்மா சட்டென்று போனைத் தன் காதிலிருந்து எடுத்து என் காதில் வைத்துவிட்டாள். வைத்துவிட்டு, தன் காதையும் அதன் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கரகரத்த குரல், "பாப்பா" என்றது. முக்கியமான செய்தியைச் சொல்லிவிடலாம் என்று, "பல்லு மொளச்சிட்ச்சு" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அம்மாவின் மூச்சு என் கன்னத்தில் சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டு செஞ்சி வழியாக மேல்மலையனூர் போனோம். அமாவாசை இல்லாத நாள், அதனால் நெரிசல் இல்லை. மாமாவும் கூட வந்தார். அங்கே போன பிறகுதான் ஆத்தாவுக்குக் கொடுக்கப்போவது என்னுடைய முடி என்று எனக்குத் தெரிந்தது. நான் அழுது புரண்டேன். பணம் வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அம்மா, மொட்டை மட்டும் எனக்கா? மாமாவும் என் பக்கம் சாய்ந்தார்.

"பொட்டப்புள்ள, ஸ்கூலுக்குப் போறது, அக்கா. நுனிய மட்டும் வெட்டி நீ பூமுடி குடுத்துட்டுப் போயேன்."

"நான் குடுக்கறதுக்கு அவருக்கு இன்னா மொறைடா நான்?" என்றாள் அம்மா. "பொண்ணு குடுக்கலாம்."

மாமா என்னைப் பிடித்து உட்காரவைத்து, என் தலை ஆடாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். பின்னல் இரண்டும் ஈரத்தோடு என் மடியில் விழுந்தன.

தலையில் சந்தனம் குளுகுளுவென்று காய, சன்னதியில் போய் நின்றோம். அம்மா மஞ்சள் முடிச்சையும் தேங்காய் பழத் தட்டையும் நீட்டினாள். பூசாரி, யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். கேட்டதும் நான் பழக்கத்தில் தோளை அம்மா பக்கம் நகர்த்தினேன். முழங்கை வரவில்லை. அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மணிச் சத்தத்தில் பூசாரிக்கு அது கேட்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா."

அம்மா சத்தமாகச் சொன்னாள். பெயர், நட்சத்திரம் எல்லாம் சொன்னாள். கண்ணாடி ஓட்டையில் நான் கத்துவதைவிடப் பெரிய குரலில், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும்படி சொன்னாள். மாமா தன் அக்காவைப் பார்த்துவிட்டு, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கு முன்பும் இல்லை, இந்த நாள் வரை பின்பும் இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போய்விட்டது. ஆனால் எதற்குப் புல்லரித்தது என்கிறீர்கள்? பெயர் சொல்லியாகிவிட்டது, அதுவும் இவ்வளவு சத்தமாக. இனி ஆத்தா எவ்வளவு கொடுக்கப்போகிறாளோ என்றுதான். பூசாரி தட்டைத் திருப்பிக் கொடுத்தபோது எட்டிப் பார்த்தேன். புற்றுமண்ணும் குங்குமமும் ஓர் எலுமிச்சம்பழமும் இருந்தன.

அந்த மாத போட்டோவுக்கு ஸ்டூடியோ அண்ணன் ஒரு தொப்பி எடுத்துக் கொடுத்தார். அப்படியே எடுக்கச் சொல்லிவிட்டாள் அம்மா. மொட்டைத் தலையோடு பங்களாவுக்கு முன்னால் நின்றேன். மறுநாளே அப்பாவிடமிருந்து பதில் வந்துவிட்டது என்று அண்ணன் கடைக்கு ஓடி வந்தார். புள்ளைக்கு என்ன ஆயிற்று, எதற்கு இந்த வேண்டுதல், தன்னிடம் எதையோ மறைக்கிறீர்கள் என்று அப்பா எழுதியிருந்தாராம். எங்கள் பக்கத்தில் வளர்ந்த பெண்பிள்ளைக்கு மொட்டை என்றால், சாகக் கிடந்து பிழைத்திருக்கிறாள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்பாவும் இந்த ஊர்க்காரர்தானே.

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"தலையெல்லாம் பேனு, அதான் எடுத்துட்டோம்னு போடு தம்பி."

என் தலையில் ஒரு பேன் கிடையாது. இல்லவே இல்லை என்று கத்தினேன், கவுண்டரில் குத்தினேன். அண்ணன் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாடி ஏறிப் போனார். என் இல்லாத பேனும் கடலைத் தாண்டிவிட்டது.

அடுத்த முறை பணம் அப்பா பெயரிலேயே வந்தது. விழுப்புரத்தில் முழங்கை மறுபடியும் என் தோளில் இடித்தது. கோயிலில் அவ்வளவு சத்தமாகச் சொன்னவளுக்கு இங்கே என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. வேலை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில், பேன் விஷயத்தைக்கூட மறந்து, குதிகாலைத் தூக்கிச் சொன்னேன்.

என் தலையில் முள்முள்ளாக முடி எழும்பிய சமயத்தில் பாய் லீவில் வந்தார். கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி, ஒரு பையோடு எங்கள் கடையைத் தேடி வந்து சேர்ந்தார். பையில் பேரீச்சம்பழமும் சோப்பும் பால் பவுடரும் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றி, ஒரு நீல பாட்டிலும் பல் நெருக்கமான ஓர் இரும்புச் சீப்பும் இருந்தன. பேனுக்குப் போடுகிற ஷாம்பு.

"கால இழுத்துக்கினே கடை கடையா ஏறி எறங்கி வாங்கனாரும்மா" என்றார் பாய். "புள்ள தலைய மழிக்கற அளவுக்கு ஆயிட்ச்சேன்னு ஒரே பேஜாரு அவருக்கு."

அம்மா பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, துணி அடுக்கைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தாள். பாய் ஒன்றும் புரியாமல் அவரும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

பணம் வந்த பிறகும் அவிழ்க்காத முடிச்சு, அப்பா எழுந்து நடந்த வாரத்தில் அவிழ்ந்தது என்பதை இப்போது நான் வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். தன் உயிருக்காகக் கொடுத்த முடி என்று தெரியாமலே, அந்த மனுஷர் நொண்டிக்கொண்டு போய் அந்தத் தலைக்கு மருந்து வாங்கியிருக்கிறார். இது அன்றைக்கு அந்தக் கடையில் அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் துவைக்கிற கல்லின் மேல் உட்காரவைத்து, வெந்நீர் ஊற்றி, அந்த ஷாம்புவை என் தலையில் ஊற்றினாள்.

"பேன்தான் இல்லியேம்மா. முடியே இல்லியே."

"தெரியும். கம்முனு இரு."

அவசரமே இல்லாமல் நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள். கழுவித் துடைத்துவிட்டு, ஒரு மயிர்கூடச் சிக்காத அந்தத் தலையை இரும்புச் சீப்பால் நெற்றியிலிருந்து பிடரிவரை சீவிவிட்டாள். பாட்டில் தீரும்வரை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இப்படியே நடந்தது. பேன் இல்லாத தலைக்குப் பேன் மருந்து போடுகிற அம்மா உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி நான் உட்கார்ந்திருந்தேன்.